கல் பிறந்த நாள் வேறு, கசங்கிய நாள் வேறு

சமையல் மேடைக்குப் போடும் கிரானைட் பலகைகள் சிலவற்றில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அந்தக் கல் நசுங்கியதன் தழும்பு அது. கண்டங்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் இது பெருமளவில் நடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதலின் காலத்தை எப்படி அறிகிறார்கள்?

இதற்குச் சாட்சி சொல்வது சிர்கான் என்ற கனிமம். பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது மணல் துகள் அளவில் உருவாகும் இது, யுரேனியத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை அநேகமாக ஏற்காது. யுரேனியமோ மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எனவே உள்ளே சேர்ந்துள்ள ஈயத்தை அளந்தால் வயது தெரியும்.

யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 235க்கு சுமார் 70 கோடி. ஆக, ஒரே துகளில் இரண்டு கடிகாரங்கள். இரு சாட்சிகளும் ஒத்துப்போனால் வயதை ஏற்கலாம். முரண்பட்டால், இடையில் ஈயம் வெளியேறியிருக்கலாம் என்று எச்சரிக்கையாகிறார்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சட்டை தைத்த நாள் வேறு, கசங்கிய நாள் வேறு. அதுபோல் கல்லின் வயது மோதலின் வயதாகாது. மோதலின் வெப்பத்தில் பழைய சிர்கானைச் சுற்றிப் புதிய விளிம்பு வளர்வதுண்டு. நடுப்பகுதி கல் பிறந்த காலத்தையும், விளிம்பு வெப்பத்தின் காலத்தையும் சொல்லும். இன்னொரு வழியும் உண்டு. நெளிந்த பாறையைக் குறுக்கே வெட்டிச் செல்லும், தான் நெளியாத கிரானைட் நரம்பு, மோதலுக்குப் பின் வந்தது. இந்த இரு வயதுகளுக்கும் இடையில்தான் கல் கசங்கியிருக்க வேண்டும்.

நம் மண்ணிலேயே இதைக் காணலாம். சேலம், நாமக்கல் பகுதிப் பாறைகள் பல, சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. மதுரைப் பகுதி, தென்கேரளம், இலங்கை, மடகாஸ்கர் ஆகிய இடங்களின் பாறைகளிலோ, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடும் வெப்பத்தின் பதிவு திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா முதலிய நிலங்கள் மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலம் அது. இன்று கடல் பிரித்திருக்கும் நிலங்கள் அன்று ஒட்டியிருந்தன என்பதற்கு இந்தத் துகள்களும் சான்று.

இனி "இந்தப் பாறைக்கு இத்தனை கோடி வயது" என்று பிள்ளைகள் படித்துக் காட்டினால், அது பிறந்த வயதா, கசங்கிய வயதா என்று கேளுங்கள். எதன் வயது என்று தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை.