மணிமேகலை: ஒரு தொடர்காப்பியத்தின் காதற்சிக்கல்

சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்ச்சியான மணிமேகலையை, விஞ்சையரும் தெய்வங்களும் உலவும் இளையோர் காதற்கதையாகவும் வாசிக்க இயலும் என நாம் கருதுகிறோம்.

கோவலன் மகளை விழைபவன் சோழ இளவரசன் உதயகுமரன். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவிற்கு எடுத்துச் செல்கிறது. முற்பிறப்பில் தன் கணவனாயிருந்த இராகுலனே அவன் என அங்கு அவள் அறிகிறாள். வேற்றுவடிவம் கொள்ளும் மந்திரத்தையும் தெய்வம் அருளுகிறது. பின்னர் அவள் காயசண்டிகையின் வடிவம் கொள்ள, அவளைத் தன் மனைவியெனப் பிறழ உணர்ந்த விஞ்சையன் காஞ்சனன் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். அவளைக் காக்க வந்த மந்திரமே அவன் கொலைக்கு ஏதுவாகிறது. அவள் புலம்பல், துறவு அவளுக்கு எளிதில் வாய்த்ததன்று என்பதை உணர்த்துகிறது.

இன்றைய ஆங்கில இளையோர் புதினங்களில் தேவதையுலகம் பெரும்பாலும் காதலர் கூடும் களமாகிறது. சாத்தனாரிடம் அது பிரிவின் களம்.

1864இல் கப்பற்றுறை நிறுவனம் தோன்றிய தஞ்சோங் பகாருக்கு இக்கதை அயலானதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெய்திய சாவகம் இக்கடல்சார் நிலப்பரப்பினதே; தாய்லாந்து, கம்போடிய மரபுகளில் மேகலா மின்னலின் தெய்வம்.

நம் வகுப்பறைகளில் அமுதசுரபி மட்டுமே எஞ்சுமாயின், மாணவர் அறத்தை அறிவர். அதன்பொருட்டு அவள் இழந்ததை அறியார்.