காய்ச்சலுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை உதவுமா?

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், நாலு பேருக்கு ஃப்ளூ வருகிறது. மூன்று பேர் மிளகு ரசம் குடித்துவிட்டு அஞ்சாவது நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாகிறது. வைரஸ் ஒன்றுதான், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

வயது, சர்க்கரை நோய், சிகரெட், தடுப்பூசி போட்டோமா இல்லையா என்று காரணங்கள் நிறைய. இன்றைக்கு அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். மெடிக்கல் ஷாப்பில் "இம்யூனிட்டிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு நாம் வாங்குகிற வைட்டமின் சி மாத்திரைக்குப் பின்னால் இருக்கிற கதையும் இதுதான்.

உடம்பே தயாரிக்கிற ப்ளீச்

வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் புகுந்ததும் அலாரம் அடிக்கிறது. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவற்றிடம் நாக்ஸ்2 என்று ஒரு என்சைம் இருக்கிறது. ஆக்ஸிஜனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பராக்ஸைடு செய்வதுதான் அதன் வேலை. சூப்பராக்ஸைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு வரும். அதை வைத்து நியூட்ரோஃபில் ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கும். பாத்ரூம் கழுவுகிற ப்ளீச்சிலும் கிருமியைக் கொல்வது இதேதான். சீரியஸாத்தான் சொல்றேன்.

இந்த ஆயுதம் நமக்குத் தேவை. நாக்ஸ்2 வேலை செய்யாமல் பிறக்கிற குழந்தைகளுக்கு பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ப்ளீச்சுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. நுரையீரலின் காற்றுப்பைச் சுவர் ரொம்ப ரொம்ப மெல்லியது. அதில் இருக்கிற கொழுப்பும் புரதமும் அரிக்கப்பட்டால், ரத்தத்திலிருந்து நீர் கசிந்து காற்றுப்பைக்குள் இறங்கும். மூச்சுத்திணறல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரணமாக, குளுடாதையோன், எஸ்ஓடி, கேட்டலேஸ் என்று ஒரு கிளீனிங் டீம் இதையெல்லாம் சுத்தம் பண்ணிக்கொண்டே இருக்கும். உற்பத்தி அந்த டீமின் வேகத்தைத் தாண்டிப் போகிற நிலைக்குப் பெயர்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். வயதாக ஆக குளுடாதையோன் குறைகிறது. சிகரெட் பிடிப்பவரின் நுரையீரலில் சுமை ஏற்கெனவே அதிகம். இவர்கள் ஆட்டத்தையே பின்தங்கித்தான் தொடங்குகிறார்கள்.

எலிகள் சொன்ன விஷயம்

1989-இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்கு உயிரைப் பறிக்கக்கூடிய அளவில் இன்ஃப்ளூயன்ஸா கொடுத்தார்கள். அப்புறம், ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குகிற மாதிரி மாற்றிய எஸ்ஓடியை 5-ஆம் நாள் முதல் 8-ஆம் நாள் வரை ஊசியாகப் போட்டார்கள். எஸ்ஓடி வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, சூப்பராக்ஸைடை அகற்றும், அவ்வளவுதான். ஆனாலும் எலிகள் பிழைத்தன.

நம்ம ஃபீல்டில் ரீட்ரை ஸ்டார்ம் என்று ஒன்று உண்டு. ஒரு சர்வீஸ் சில நொடி தடுமாறும். மற்ற எல்லாமும் ரீட்ரை அடித்து அடித்தே சிஸ்டத்தைப் படுக்க வைத்துவிடும். முதலில் வந்த எரர் சரியான பிறகும் சிஸ்டம் எழாது. கடுமையான ஃப்ளூவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மனிதர்களிடமும் ஒரு சுவாரசியமான தடயம் இருக்கிறது. 1997-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 262 பேர், பெரும்பாலும் முதியவர்கள். குளுடாதையோன் உருவாக உதவுகிற என்-அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையை ஒரு பாதிக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். வைரஸ் தொற்று இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் தொற்றியவர்களில் அறிகுறி வந்தவர்கள், மாத்திரைக் குழுவில் 25 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 79 சதவீதம். தொற்றுவது வேறு, நோய் முற்றுவது வேறு என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

அப்போ மாத்திரை வாங்கிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. அது ஒரே ஒரு சின்ன ஆய்வு. கோவிட் காலத்தில் இதே யோசனையைப் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டிலேயே இருந்த 214 கோவிட் நோயாளிகளிடம் அதிக டோஸ் வைட்டமின் சி, ஜிங்க் இரண்டையும் சோதித்தார்கள். பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2022-இல் வெளியான 'லோவிட்' ஆய்வு இன்னும் எச்சரிக்கையானது. ஐசியூவில் செப்சிஸ் நோயாளிகளுக்கு நரம்பு வழியாக வைட்டமின் சி ஏற்றினார்கள். மரணம் அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு, வைட்டமின் குழுவில் 44.5 சதவீதம், மற்ற குழுவில் 38.5 சதவீதம். அதாவது நிலைமை மோசமாகியிருக்கிறது.

எலிக்கு வேலை செய்தது நமக்கு ஏன் செய்யவில்லை? ஒன்று, இடம்: விழுங்குகிற மாத்திரை, சேதம் நடக்கிற செல்லுக்குள் போதுமான அளவில் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை. இரண்டு, இந்த மூலக்கூறுகள் வெறும் குப்பை கிடையாது, செல்கள் பேசிக்கொள்கிற சிக்னலும் இவைதான். கண்ணை மூடிக்கொண்டு அணைத்தால் சிக்னலும் போய்விடும்.

மூன்றாவதும் முக்கியமானதும் நேரம். 2020-இல் பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு அழற்சியை அடக்குகிற டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தது. இது ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை, ஆனால் பாடம் இங்கேயும் பொருந்தும். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலுக்கான அறிகுறிகூடத் தென்பட்டது. இந்தியாவில் 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு ஸ்டீராய்டின் அதீதப் பயன்பாடும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியது

கொய்யா, நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்க, அது நல்ல உணவு. அதைச் சிகிச்சை என்று நினைத்துக் காத்திருக்காதீங்க. சிகரெட்டை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, அப்பா அம்மாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்பது, இந்த மூன்றும் எந்த ஸ்ட்ரிப்பையும் விட உறுதியானவை.

இன்னொன்று. ஜுரம் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகிற நேரத்தில்கூட நுரையீரலுக்குள் சண்டை நடந்துகொண்டிருக்கலாம். மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, தெளிவில்லாமல் பேசினாலோ, "இன்னொரு மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாதீங்க. நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க.

இந்த எபிசோடை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.