மாத்திரையை எண்ணுவது எதற்கு?

உடம்பு தேறியதும் மீதி மாத்திரைகளை அலமாரியில் போட்டுவிடுகிறோம் அல்லவா? காசநோயில் இப்பழக்கம் உயிருக்கே கேடாகும். ஏன் தெரியுமா? செவிலியர் கற்கும் மருந்தியலில் இது ஓர் அடிப்படைப் பாடம்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும்; பசி எடுக்கும். ஆனால் கிருமிகள் முற்றிலும் அழிந்திரா. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு மருந்துக்கு அடங்காதவை சில இருக்கக்கூடும். அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும், இவை பெருகும். பிறகு அம்மருந்தால் பயனில்லை. எனவேதான் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துப் பல மாதங்கள் தருகிறார்கள். ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று கொல்லும்.

அக்காலத்தில் காசநோயாளிகளுக்குச் சானடோரிய வாசமும் ஓய்வும் நல்லுணவும் இன்றியமையாதவை எனக் கருதினர். ஏழைகள் என்ன செய்வார்கள்? 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளுள் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஐசோநையாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரு மருந்துகள்தாம்.

வீட்டில் இருப்போர் மருந்தைத் தவறாமல் உண்கிறார்களா? பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்!

எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள்? இந்த நான்கையும் காப்பது செவிலியர் பணி. இனி உங்கள் வீட்டில் மாத்திரைகளை எண்ண ஒருவர் வந்தால், அவர் எண்ணுவது எதற்கென்று நீங்களே பெரியவர்களுக்குச் சொல்லலாம்.