சளி பிடித்த கோழி சந்தைக்குப் போகக் கூடாது

நம் ஊரில் பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஐந்தாறு நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. முட்டை விற்ற காசு பெண்களின் கைச்செலவுக்கு உதவுகிறது. கணவரை இழந்த சகோதரிகள் சிலருக்கு அது முக்கிய வருமானமும்கூட. ஆகவே கோழிகளுக்கு வரும் தொற்றுநோயைப் பற்றி ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்திருப்பது நல்லது.

எந்தச் சளி?

முகம் வீங்கி, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி வடிந்தால் அது கொரைசா என்னும் நோயாக இருக்கலாம். இது பாக்டீரியாவால் வருவது. மருந்துக்குக் கட்டுப்படும், பெரும்பாலான கோழிகள் பிழைத்துவிடும். ஆனால் குணமான கோழியும் கிருமியைச் சுமந்து மற்றவற்றுக்குப் பரப்பும்.

அலகைத் திறந்து மூச்சு வாங்குவது, தொண்டையில் கொர் கொர் என்ற சத்தம், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து திருகுவது ஆகியவை ராணிக்கெட் நோயின் அறிகுறிகள். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். இது வைரஸ் நோய். குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கோழிகள் அநேகமாக எல்லாமே இறந்துபோகலாம். பறவைக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் தோன்றும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எனவே அடுத்தடுத்து கோழிகள் இறந்தால் உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

நோயுற்ற கோழியைத் தூரத்தில் தனிப் பஞ்சாரத்தில் அடையுங்கள். அதற்குத் தீவனமும் தண்ணீரும் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே நோயுற்றதிடம் போங்கள். பிறகு கை கால்களைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். எச்சம், சளி, செருப்பு, பாத்திரம் வழியாகத்தான் கிருமி அடுத்த கூட்டுக்குப் போகிறது. மீதிக் கோழிகளை வெளியே மேயவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவர் மருந்து தந்தால், எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பதும் அறுப்பதும்

சாவதற்குள் விற்றுவிடலாம் என்று வாரச்சந்தைக்குக் கொண்டுபோவதுதான் நோயை ஊர் ஊராகப் பரப்புகிறது. நமக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் மிஞ்சும். வாங்கியவர் வீட்டில் கூடே காலியாகும். நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். குறையை மறைத்து விற்பதையும் கண்டித்தார்கள். இரண்டும் இங்கே பொருந்தும்.

தானாகச் செத்த கோழி ஹராம் என்பது எல்லோரும் அறிந்தது. உயிர் போகுமுன் அவசரமாக அறுப்பதும் வேண்டாம். அறுக்கும்போது சிதறும் இரத்தம், இறகு, குடல் மூலம் நோய் பரவும். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அறுப்பவருக்கே ஆபத்து. இறந்த கோழியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். கையில் உறை அணிந்து, ஆழமான குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

தடுப்பூசியே காப்பு

ராணிக்கெட்டுக்குக் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். எட்டாவது வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசி போடுவார்கள். தமிழக கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். ஊசி நலமான கோழிக்குத்தான் பலன் தரும்; நோய் வந்தபின் ஓடிப் பயனில்லை. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

ஒரு வீட்டில் நோய் கண்டால் மறைக்காமல் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை, இன்ஷா அல்லாஹ், ஒரு தெருவின் கோழிகளைக் காப்பாற்றும்.