வேகத்துக்கு யார் கொடுத்த விலை

சிப்காட் தொழிற்பேட்டை வந்த புதிதில் கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஓசூர் ஃபேக்டரிகளுக்கு ஓடிய சைக்கிளுக்குக் கம்பி பிரேக், பின்னால் கேரியர், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. எடை இருபது கிலோவைத் தொடும். ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இன்று ஞாயிறு காலையில் பெங்களூரிலிருந்து வருகிறவர்களின் கார்பன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிவிடலாம். பிரேக் ஒயர்கூட ஹேண்டில்பாருக்குள்ளேயே ஓடுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் காற்றில் சிக்கி வேகத்தைத் தின்றுவிடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தை 42 ஆக்க, காற்றைக் கிழிக்க மட்டுமே ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்காக எவ்வளவு நடந்திருக்கிறது! 1903-ல் முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மொரீஸ் காரென் ஜெயித்த சராசரி வேகம் மணிக்குச் சுமார் 25.7 கி.மீ. கியர் மாற்ற முடியாத சைக்கிள், குண்டும் குழியுமான சாலை, பாரிஸிலிருந்து லியோன் வரை முதல் கட்டமே 467 கி.மீ. அந்த வலியைத் தாங்க மருந்தைத் தேடியதும் பழைய கதைதான். கண்ணுக்குக் கொக்கெய்ன் போடுவதாக டூர் வீரர்களான பெலிஸியே சகோதரர்கள் 1924-லேயே பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். 1967 டூரில் டாம் சிம்ப்சன் மோன் வான்டூ மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்தபோது உடம்பில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது.

தொண்ணூறுகளில் வந்த எரித்ரோபாய்டின் வேறு ரகம். டயாலிசிஸ் செய்துகொள்கிற நோயாளிக்கு ரத்தம் ஊறப் போடுகிற ஊசி அது. அதையே திடகாத்திரமான வீரனுக்குப் போட்டால் சிவப்பணு பெருகி, தசைக்கு ஆக்சிஜன் கூடும். ரத்தம் கெட்டியாகும் ஆபத்தும் கூடவே வரும். 2005 டூரில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 41.65 கி.மீ. சராசரியில் ஜெயித்தார். ஊக்கமருந்துக்காக 2012-ல் அவருடைய ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின.

ஆனால் 2022 டூரில் யோனாஸ் விங்ககோர் 42-ஐத் தாண்டிவிட்டார். டூர் பாதையிலுள்ள பிளாட்டோ டி பெய் மலையில் 1998-ல் பான்டானி எடுத்த நேரத்தைவிட 2024-ல் போகச்சார் மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். அப்படியானால் இவர்களும் ஊசிதானா என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் வேகத்தை மட்டும் சாட்சியாக நிறுத்த முடியாது. மணிக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரைச் சத்தை வயிறு ஏற்கும்படி இன்று பழக்குகிறார்கள். காற்றுச் சுரங்கத்தில் உட்காரும் கோணத்தைத் திருத்துகிறார்கள். மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் கண்ணெதிரே பார்க்கிறார்கள். இவற்றை யாரும் வாங்கலாம், அளக்கலாம், எதிரணி காப்பியடிக்கலாம். ஊசி அப்படியல்ல. அது ஒளிந்துதான் வேலை செய்யும்.

எனக்கு மனம் ஆறாதது கிறிஸ்தோஃப் பாஸ்ஸோன் விஷயத்தில்தான். அவருடைய ஃபெஸ்தினா அணியே மருந்தில் மூழ்கியிருந்தபோது ஊசி போட மறுத்தவர். 1999 டூரின்போது மருந்து பற்றிய உண்மையைப் பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் முகம் கொடுக்கவில்லை. இப்படிப் பேசுவதானால் வீட்டுக்குப் போய்விடு என்றார் ஆர்ம்ஸ்ட்ராங். பாஸ்ஸோன் பாதியிலேயே விலகினார், 2001-ல் பந்தயத்தையே விட்டார். சுத்தமாக மிதித்தவர் எந்த வேகத்தில் ஜெயித்திருப்பார் என்பதை எந்தப் பட்டியலிலும் இனி சேர்க்க முடியாது.

இது ஐரோப்பாக்காரர்கள் பாடு என்று நாம் ஒதுங்க முடியாது. 2023-ல் ஐயாயிரத்துக்கு மேல் மாதிரி சோதித்த நாடுகளில் ஊக்கமருந்து சிக்கிய விகிதம் இந்தியாவில்தான் அதிகம், 3.8 சதவீதம். எல்லா விளையாட்டும் சேர்ந்த கணக்கு அது. 2008 முதல் நடக்கும் நீலகிரி சைக்கிள் டூரில் கல்லட்டி ஏற்றத்தை மிதிக்க நம் பையன்கள் ஆசைப்படுகிறார்கள். அவர்கள் கைக்கு வாட் மீட்டர் வருவதற்கு முன்பே, பெயர் தெரியாத பவுடர் டப்பா வந்துவிடும் என்பதுதான் என் பயம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பந்தயம் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சிப் வைத்து விநாடியை அளக்கச் செலவழிக்கிறீர்கள். பரிசு வாங்குகிற முதல் மூன்று பேரின் சிறுநீர் மாதிரிக்கும் ஏற்பாடு செய்யுங்கள், அதை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள்.