இருமல் மருந்தில் தொழிற்சாலைக் கரைப்பான்: சிறுநீரகம் செயலிழப்பது எப்படி?

பெங்களூரு: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து தரக் கூடாது என்று கர்நாடக சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்ததே காரணம். அவர்களுக்குத் தரப்பட்ட, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது தமிழக அரசின் ஆய்வில் தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

பிரேக் ஆயில், பெயின்ட் தயாரிப்பில் பயன்படும் இக்கரைப்பான், மருந்துக்குரிய புரொப்பிலீன் கிளைகாலைப் போலவே நிறமற்றது, இனிப்பானது, விலையும் குறைவு. ஆய்வகச் சோதனையின்றி வேறுபாடு தெரியாது. கல்லீரல் இதனை டைகிளைகாலிக் அமிலமாக மாற்றுகிறது; அந்த அமிலம் சிறுநீரக நுண்குழல் செல்களை அழிக்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. பின்னர் சிறுநீர் குறைந்து, நின்றும் போகும். தொடக்க அறிகுறிகளைக் காய்ச்சலின் சோர்வு என்று பெற்றோர் எண்ணிவிடுவதே ஆபத்து. மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.