தரையில் நிற்கும் போர்க்கப்பல்கள்

1805-இல் ஜேம்ஸ் வில்க்ஸ் மாரிஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். கப்பலை எதிரியிடம் பறிகொடுத்தவரை அப்படி விசாரிப்பது அந்நாள் வழக்கம். மாரிஸ் பறிகொடுத்ததோ ஒரு பாறையை! கரீபியக் கடலில், மார்டினிக் தீவை ஒட்டிச் சுமார் 175 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் டயமண்ட் ராக் அது. 1804 ஜனவரியில் கமடோர் சாமுவேல் ஹூட் அதன் உச்சிக்கு வடம் கட்டிப் பீரங்கிகளை ஏற்றி, ஆட்களை அமர்த்தி, போர்க்கப்பல் என்றே ஏட்டில் பதிந்துவிட்டார். பதினேழு மாதம் அது பிரெஞ்சுக் கப்பல்களைப் பாடாய்ப் படுத்தியது. குடிநீரும் வெடிமருந்தும் தீர்ந்த பிறகே மாரிஸ் சரணடைந்தார். குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று.

கிறுக்குத்தனம்தான். ஆனால் பிற்பாடு சட்டமே இதற்கு வழிவிட்டது. 1866-ஆம் ஆண்டின் கடற்படை ஒழுங்குச் சட்டம் கப்பலின் ஆள்பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் செல்லுபடியாயிற்று. கரையில் படிக்கும் மாலுமி தப்பு செய்தால்? பயிற்சிப் பள்ளியின் பெயரை ஏதாவதொரு கலத்துக்குச் சூட்டி, எல்லாரையும் அதன் ஆட்களாக எழுதிக்கொண்டார்கள். போர்ட்ஸ்மத்தின் 'எக்ஸலண்ட்' பீரங்கிப் பள்ளி 1830-இல் உண்மையான பழைய போர்க்கப்பலில்தான் தொடங்கியது. துறைமுகத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கைதிகள் மேடாக்கிய வேல் தீவுக்கு 1891-இல் பெயரோடு குடியேறியது.

பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இவ்வழக்கம் வந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று மட்டமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசவையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய 'தல்வார்', பம்பாயில் தரைமேல் இருந்த சிக்னல் பள்ளி. மிதக்கும் கப்பல்களுக்குப் போராட்டம் பிறகே பரவியது. செய்தி அனுப்பக் கற்றவர்கள் முன்னால் நின்றதில் வியப்பில்லை.

1957-இல் இந்தியா தனக்கெனக் கடற்படைச் சட்டம் இயற்றியது. தரைத்தளத்துக்குக் கப்பல் பெயர் சூட்டும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. லோனாவாலா மலையில் இருக்கும் 'சிவாஜி' கப்பல் பொறியியல் கற்பிக்கிறது. அரக்கோணத்து 'ராஜாளி'யில் ஹெலிகாப்டர் விமானிகள் உருவாகிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கிய 'கட்டபொம்மன்' வேலையே வேறு. சாதாரண வானொலி அலையைக் கடல்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை சில மீட்டர் ஆழம் வரை இறங்கும்; மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக்கு அதன்வழியே உத்தரவு போகிறது. அதே அலையில் நீர்மூழ்கி பதில் அனுப்ப வழியில்லை. அதற்கு வேண்டிய பிரம்மாண்ட ஆண்டெனாவை எந்த நீர்மூழ்கியாலும் சுமக்க முடியாது.